சினிமா பிலிமும் வேலூர் தண்ணீரும்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு தகர டப்பா இருக்கும். அதற்குள் கறுப்புப் பையில் சுற்றிய 100 அடி கறுப்பு வெள்ளை சினிமா பிலிம். போன மாதம் காட்பாடியிலிருந்து வந்த அக்கா மகள் தண்ணீர் பாட்டில் எடுக்கப் போய் அதைப் பார்த்துவிட்டாள். “மாமா, இது சினிமாக்காரங்க பிலிமாச்சே, நம்ம கேமராவுல ஓடுமா?” என்றாள். அவள் தோளில் என் அப்பாவின் பழைய எஸ்.எல்.ஆர். தொங்கிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் முழுக்க அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். பிலிமையே தொட்டிராதவர்களும் இதிலிருந்து தொடங்கலாம்.

ஓடும். நன்றாகவே ஓடும். ஸ்டில் கேமராவில் போடும் 35 மி.மீ. பிலிம் சினிமா வீட்டுப் பிள்ளைதான். 35 மி.மீ. அகலமும் இரு ஓரத்து ஓட்டைகளும் முதலில் சினிமாவுக்காக வந்தவை. ஜெர்மனியில் வெட்ஸ்லர் ஊரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக், 1913, 1914 வாக்கில் அந்த சினிமா பிலிமைப் போட்டுப் படம் எடுக்கிற ஒரு சின்ன கேமராவைச் செய்து பார்த்தார். பிலிமைப் படுக்கவைத்து ஓட்டி, இரண்டு சினிமாக் கட்டங்களைச் சேர்த்து ஒரே படமாக்கினார். அந்தக் கேமராதான் லைகா என்ற பெயரில் 1925-ல் லைப்ஸிக் சந்தையில் அறிமுகமானது. இன்று நாம் சொல்லும் 24-க்கு 36 மி.மீ. படச் சட்டம் அப்படி வந்ததுதான். ஆகவே சினிமா பிலிமை ஸ்டில் கேமராவில் போடுவது குறுக்கு வழி கிடையாது. பிறந்த வீட்டுப் பிலிம் பிள்ளை வீட்டுக்கு ஒருமுறை வந்துபோகிறது, அவ்வளவுதான்.

சினிமா கேமராவில் பிலிம் மேலிருந்து கீழே ஓடும். ஒரு கட்டத்துக்கு நான்கு ஓட்டை, ஒரு விநாடிக்கு 24 கட்டம். அந்தக் கணக்கில் 100 அடி பிலிம் ஒரு நிமிடம் ஏழு விநாடியில் தீர்ந்துவிடும். நம் கேமராவில் பிலிம் பக்கவாட்டில் நகரும். ஒரு படத்துக்கு எட்டு ஓட்டை. அதே 100 அடியில் 36 படம் உள்ள ரோல்கள் பதினேழு பதினெட்டு சுற்றலாம். அங்கே ஒரு நிமிடக் காட்சி, இங்கே ஏறக்குறைய 600 படம். ஒரு வருஷத்துக்குத் தாராளமாக வரும்.

ஓட்டைகளில் மட்டும் சின்ன வித்தியாசம் உண்டு. ஸ்டில் பிலிமின் ஓட்டை மூலை மழுங்கிய செவ்வகம். சினிமா நெகட்டிவின் (வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் தலைகீழாக விழும் பிலிம்) ஓட்டைக்கு மேலும் கீழும் நேர்க்கோடு, பக்கங்கள் வளைந்திருக்கும். ஓட்டைக்கு ஓட்டை உள்ள இடைவெளியும் ஒரு மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு குறைவு. நம் கேமராவின் பல்சக்கரத்துக்கு இது தெரியவே தெரியாது.

எந்தப் பிலிமை வாங்குவது

இன்று எளிதாகக் கிடைப்பது கோடக்கின் டபுள்-எக்ஸ். அதன் எண் 5222. 1959-ல் வந்த பிலிம். பிறகு வந்த எத்தனையோ பிலிம்கள் கடையைவிட்டுப் போன பிறகும் இது நிற்கிறது. பழைய காலத்து வெள்ளி மணிகள் என்பதால் கிரெயின், அதாவது படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் அந்த மணிகள், கண்ணுக்குத் தெரியும். எனக்கு அது பிடிக்கும். கருங்கல்லைப் படம் எடுத்தால் கல்லின் சொரசொரப்பு படத்திலும் இருக்கும். ஜெர்மனியின் ஓர்வோவும் கறுப்பு வெள்ளை சினிமா நெகட்டிவ் தயாரிக்கிறது. பழைய ஸ்டுடியோக்காரர்களிடம் ஓர்வோ என்று சொன்னால், கூடவே ஊட்டியில் தயாரான ‘இந்து’ பிலிமைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஊட்டித் தொழிற்சாலை இப்போது இல்லை. அது இருந்திருந்தால் நம் மாநிலத்துப் பிலிமையே இன்று நாம் கழுவிக்கொண்டிருப்போம் என்று நினைக்கும்போது மனசு கனக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர் கலர் சினிமா நெகட்டிவைத் தொடவேண்டாம். பல ஆண்டுகளாக வந்த கலர் சினிமா பிலிம்களின் முதுகில் ரெம்ஜெட் என்கிற கரிப்பூச்சு உண்டு. விவரம் சொல்லாமல் அதைக் கலர் லேபில் கொடுத்தால், கரி உரிந்து அங்கிருக்கும் மருந்து முழுவதையும் கெடுத்துவிடும். டபுள்-எக்ஸில் அந்தப் பூச்சு கிடையாது. பிலிமின் அடித்தாளிலேயே லேசான சாம்பல் நிறம் கலந்திருக்கும். பிலிமைத் துளைத்து மறுபக்கம் போகும் வெளிச்சம் திரும்பிவந்து பல்பைச் சுற்றி ஒளிவட்டம் போடாமல் தடுப்பது அந்த நிறம்தான். கழுவிய பிறகும் அது போகாது. நெகட்டிவ் கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே என்று பயப்படவேண்டாம்.

யாராவது பழைய டப்பா ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால் இரண்டு விஷயம் பாருங்கள். 1950-களின் தொடக்கம் வரை 35 மி.மீ. சினிமா பிலிம்கள் நைட்ரேட்டில் வந்தன. அவை சட்டென்று தீப்பிடிக்கும், அணைப்பதும் கஷ்டம். அந்தக் காலத்து டப்பாவாக இருந்தால் திறக்காமல், விஷயம் தெரிந்தவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அடுத்தது, பிரிண்ட் போடுவதற்கான பாசிட்டிவ் பிலிம். அதற்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும், சிவப்பு நிறமும் தெரியாது. இன்று வருவது பெரும்பாலும் பாலியெஸ்டர், இழுத்தால் கிழியாது. கேமராவில் சிக்கிக்கொண்டால் பிலிம் அறுவதற்குப் பதிலாகப் பல்சக்கரம் உடையும். முதல் வருஷம் அதை ஒதுக்கிவையுங்கள்.

நிழலும் வெயிலும்

சினிமா நெகட்டிவுக்கும் ஸ்டில் நெகட்டிவுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு ஓட்டையில் இல்லை, கான்ட்ராஸ்டில், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

படம் எடுக்கும்போது பிலிமில் வெளிச்சம் பட்ட வெள்ளி மணிகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் நடக்கிறது. டெவலப்பர் என்கிற மருந்துக் கரைசல் அந்த மணிகளைக் கறுப்பு வெள்ளியாக்குகிறது. இதைப் பாலுக்கு உறை ஊற்றுவதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். உறை கொஞ்சம்தான், மீதி வேலையைச் செய்வது நேரமும் சூடும். மார்கழியில் ராத்திரி உறை ஊற்றினால் காலையில்கூடத் தயிர் சரியாகத் தோயாது. கத்திரி வெயிலில் நாலு மணி நேரத்தில் புளித்துவிடும். டெவலப்பரும் அதே குணம். சூடு ஏற ஏற நேரத்தைக் குறைக்கவேண்டும்.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. நிழலான இடங்களில் வெளிச்சம் பட்ட மணிகள் குறைவு. டெவலப்பர் அவற்றைச் சீக்கிரம் முடித்துவிடும், அதற்கப்புறம் அங்கே பெரிதாக எதுவும் கூடாது. வெயில் பட்ட இடங்களிலோ மணிகள் நிறைய. நேரம் போகப்போக அங்கே கறுப்பு ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் நிழலில் விவரம் வேண்டும் என்றால் படம் எடுக்கும்போதே வெளிச்சம் கொடுத்திருக்கவேண்டும். நெகட்டிவில் வெயில் எவ்வளவு கறுக்கவேண்டும் என்பதை டெவலப்பரில் கிடக்கும் நேரம் பார்த்துக்கொள்ளும். எடுக்கும்போது விட்டதைக் கழுவும்போது பிடிக்கலாம் என்று நினைத்தால் நிழல் காலியாகவே இருக்கும், வெயில் மட்டும் கட்டி தட்டிப் போயிருக்கும்.

சினிமாவில் நெகட்டிவை யாரும் நேரே பார்ப்பதில்லை. அதைப் பாசிட்டிவ் பிலிமில் பிரிண்ட் போடுவார்கள், அந்த பிரிண்ட் பிலிம் கான்ட்ராஸ்டைத் தூக்கிக் கொடுக்கும். ஆகவே நெகட்டிவை மென்மையாக, கொஞ்சம் சோகையாகவே கழுவுவார்கள். அதற்காகக் கோடக் சொல்லும் டெவலப்பர் டி-96. நாம் ஸ்டில் பிலிமுக்குப் பயன்படுத்தும் டி-76 அதைவிடச் சற்று வேகம். ஆனால் டி-76-ம் சினிமாவுக்காகப் பிறந்ததுதான். 1920-களின் பிற்பாதியில் கோடக்கில் இருந்த ஜான் காப்ஸ்டாஃப் சினிமா பிலிமுக்காக உருவாக்கியது, பிறகு உலகத்தின் எல்லா இருட்டறைக்கும் போய்ச் சேர்ந்தது. டபுள்-எக்ஸை டி-76-ல் தாராளமாகக் கழுவலாம். ஸ்கேன் செய்யப்போகிறீர்கள் என்றால் மென்மையாக விடுங்கள். பேப்பரில் பிரிண்ட் போடுவதாக இருந்தால் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேசட்டில் சுற்றுவது

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த பிலிமில் நம் ஊர்க் காற்று பட்டால் வேர்த்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறக்கலாம். பிலிமைக் காலி கேசட்டில், அதாவது கேமராவுக்குள் போடும் சின்ன உருளையில், சுற்றுவதற்குப் பல்க் லோடர் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். ஒருமுறை இருட்டில் 100 அடியை அதற்குள் வைத்துவிட்டால், பிறகு ஒவ்வொரு ரோலையும் வெளிச்சத்திலேயே சுற்றலாம். பெட்டி இல்லாவிட்டாலும் குறை இல்லை. 36 படத்துக்கு 165 சென்டிமீட்டர் பிலிம் வேண்டும், அதாவது மூன்றரை முழத்துக்குச் சற்று அதிகம். எங்கள் பாத்ரூம் கதவின் உள்பக்கச் சட்டத்தில் அந்த இடைவெளியில் இரண்டு ஆணி அடித்திருக்கிறேன். இருட்டில் தடவிப் பார்த்து, மேல் ஆணியிலிருந்து கீழ் ஆணி வரை பிலிமை இழுத்து வெட்டவேண்டியதுதான். நுனியைக் கேசட்டின் நடுத்தண்டில் டேப் போட்டு ஒட்டி, மருந்து பூசிய பக்கம் உள்ளே இருக்கும்படி சுற்றவேண்டும். பிலிம் இயல்பாக எந்தப் பக்கம் சுருள்கிறதோ அதுதான் உள்பக்கம்.

வெயில் காலத்தில் இந்த வேலையைப் பகலில், வெளிச்சம் புகாத சேஞ்சிங் பையில் கைவிட்டுச் செய்யாதீர்கள். ஐந்து நிமிடத்தில் உள்ளே கை வேர்த்துவிடும், ஈரக் கை பட்ட இடமெல்லாம் பிலிமில் தழும்பு விழும். நான் ராத்திரி பத்து மணிக்குமேல், குளித்துக் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு உட்காருவேன். கரண்ட் போன ராத்திரி இன்னும் விசேஷம். தெரு முழுக்க இருட்டு, கதவு இடுக்குகளை அடைக்கும் வேலைகூட மிச்சம். செல்போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். பையில் இருந்து ஒரு தடவை மினுக்கினால் மொத்த டப்பாவும் போச்சு.

பழைய கேசட்டைத் திரும்பப் பயன்படுத்தும்போது அதன் வாயில் இருக்கும் வெல்வெட்டை டேப்பால் ஒற்றி எடுங்கள். நம் ஊர்ப் புழுதியில் ஒரு மண் துகள் அங்கே ஒட்டியிருந்தால் போதும், ரோல் முழுக்க ஒரே கோடு ஓடும்.

வெயிலூரில் படம் எடுப்பது

டபுள்-எக்ஸின் ஐ.எஸ்.ஓ., அதாவது வெளிச்சத்தை உணரும் வேக எண், பகல் வெளிச்சத்தில் 250, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் 200 என்று கோடக் சொல்கிறது. முதல் ரோலுக்கு எல்லா இடத்திலும் 200 வைத்துக்கொள்ளுங்கள். நிழலுக்குக் கொஞ்சம் கூடுதலாக வெளிச்சம் போனால் நஷ்டம் இல்லை. நாமே சுற்றிய கேசட்டில் தானியங்கி கேமராக்கள் படிக்கும் கோடு இருக்காது. அதனால் ஐ.எஸ்.ஓ.வைக் கையால் திருப்பும் கேமராவாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்யாத கேமரா என்றால் பழைய கணக்கு ஒன்று உண்டு. நல்ல வெயிலில் எஃப்-16 (எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிதாகும்), ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குக் கிட்டத்தட்ட. 250 என்றால் விநாடியில் 250-ல் ஒரு பங்கு. நம் ஊருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? திறந்த நிழலுக்கு வந்தால் எஃப்-5.6.

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று நம் ஊரைச் சொல்வார்கள். குறையாகச் சொன்ன அந்த மூன்றும் கறுப்பு வெள்ளைக்கு வரம். பாலாற்று மணலில் கால் தடம், மொட்டைப் பாறையில் மதிய வெளிச்சம், அகழித் தண்ணீரில் தலைகீழாக நிற்கும் மதில். எதிலும் கலர் தேவையில்லை. மலையை எடுக்கும்போது மட்டும் லென்ஸில் ஒரு மஞ்சள் ஃபில்டர் போடுங்கள். பிலிமுக்கு நீல நிறம் நம் கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகமாக உறைக்கும். வானம் வெளுத்துப்போய், வெயிலில் வெளுத்த பாறையோடு கலந்துவிடும். மஞ்சள் கண்ணாடி நீலத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வதால் வானம் சாம்பலாகும், மலையின் விளிம்பு தெரியும். அதற்கு ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் போகும்படி, கூடுதலாகத் திறக்கவேண்டும்.

அக்கா மகளைக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். அகழிக்கு எதிரே வேப்ப மரத்தடியில் ஒரு பாட்டி வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். பாட்டி நிழலில், பின்னால் மதில் முழு வெயிலில். அவள் கேமராவின் மீட்டர் மதிலைப் பார்த்து எஃப்-16 என்றது. அப்படி எடுத்தால் பாட்டியின் முகம் கரிக்கட்டைதான். “கிட்டப் போய்ப் பாட்டியோட புடவையை மட்டும் மீட்டர் பண்ணு” என்றேன். எஃப்-5.6 காட்டியது. எஃப்-8 வைத்து எடுத்தாள். நிழல் நாம் கண்ணால் பார்ப்பதைப்போலக் கொஞ்சம் இருட்டாகவே இருக்கட்டும், ஆனால் முகச்சுருக்கம் தெரியவேண்டும். எஃப்-8 அதற்குப் போதும்.

இனி தண்ணீர்

பிலிம் டெவலப் செய்வதை நம் ஊர் ஸ்டுடியோக்களில் ‘கழுவுவது’ என்றே சொல்வார்கள். நூற்றுக்கு நூறு சரியான சொல். மருந்து கலக்குவதில் தொடங்கி கடைசி அலசல் வரை எல்லாம் தண்ணீர்தான். புத்தகங்கள் 20 டிகிரி என்று போட்டிருக்கும். அது குளிர் நாட்டுக் கணக்கு. நமக்கு வேறு.

நான் முதன்முதலாகக் கழுவியது ஒரு மே மாத மதியம். டெவலப்பரை ஐஸ் வைத்து ஒழுங்காகக் குளிர வைத்தேன், நேரத்தையும் பார்த்தேன். அலசும்போது மட்டும் நேரே குழாயைத் திறந்துவிட்டேன். மொட்டை மாடித் தொட்டியில் வெயில் காய்ந்த தண்ணீர், குளிக்க வெந்நீர் போட்டதுபோல வந்தது. படங்கள் எல்லாம் விழுந்திருந்தன. ஆனால் தண்ணீர் வழிக்க விரலால் தடவியபோது மருந்துப் பூச்சு அல்வா மாதிரி குழைந்து போயிருந்தது. நகம் பட்ட இடமெல்லாம் கீறல். அதில் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று. நெற்றியில் அந்தக் கீறலோடுதான் இன்றும் என்னிடம் இருக்கிறது.

ஏன் குழைந்தது? வெள்ளி மணிகளைப் பிலிமில் பிடித்துவைத்திருப்பது ஜெலட்டின், மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. ஈரத்தில் ஊறும், சூட்டில் இளகும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பச்சைத் தோலைக் குரோமியம் உப்பில் போட்டால் அது அழுகாமல், சூட்டுக்கும் சுருங்காமல் இறுகுகிறது. வெப்ப நாட்டு இருட்டறைகளிலும் டெவலப்பருக்கு அடுத்தபடியாகக் குரோம் ஆலம் கரைசலில் பிலிமை முக்கி இறுக்குவார்கள். ஷூத் தோலும் போட்டோ நெகட்டிவும் ஒரே வேதியியல். இன்று அது நமக்குத் தேவையில்லை. பிலிம் தொழிற்சாலையிலேயே ஓரளவு இறுக்கித்தான் வருகிறது, சூட்டை மட்டும் நாம் பார்த்துக்கொண்டால் போதும். பாலாறு ஏற்கெனவே பட்ட குரோமியம் போதும். நம் பங்குக்கு ஒரு சொட்டுகூடச் சேர்க்கக்கூடாது.

சூட்டுக்கு என் வழி மண்பானை. வறண்ட வெயிலில் பானை வேர்த்து வேர்த்துத் தண்ணீரைக் குளிர்விக்கும். கடற்கரை ஊர்களைவிட நமக்கு அது நன்றாகவே வேலை செய்யும். அறை 37 டிகிரி இருந்த மதியம் என் பானைத் தண்ணீர் 27 காட்டியது. அதை ஒரு பிளாஸ்டிக் பேசினில் ஊற்றி, ஐஸ் கட்டியைப் பாலிதீன் பையில் கட்டி மிதக்கவிட்டால் 24-க்கு வந்துவிடும். டெவலப்பர், படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ, அலசும் தண்ணீர் எல்லாவற்றையும் பாட்டிலில் ஊற்றி அதே பேசினில் அரை மணி நேரம் நிறுத்திவையுங்கள். 24-ஆ 25-ஆ என்பது பெரிய விஷயம் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஓரிரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது, அதுதான் முக்கியம். ஒரு நல்ல தெர்மாமீட்டருக்குச் செலவு செய்யுங்கள். இந்தக் கலையில் லென்ஸுக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

தண்ணீரின் குணம் இன்னொரு சங்கதி. எங்கள் போர் தண்ணீரில் குக்கரின் அடியில் வெள்ளைப் படலம் கட்டும். அதே உப்பு டெவலப்பரில் வண்டலாகும், காய்ந்த நெகட்டிவில் வட்ட வட்டமாகக் கறையாகும். மருந்து கரைக்கவும் கடைசி அலசலுக்கும் கேன் தண்ணீர். இடையில் அலச போர் தண்ணீரே போதும்.

டி-76 பொடியாகப் பாக்கெட்டில் வருகிறது, கரைத்து ஒருநாள் ஆறவிட்டுப் பயன்படுத்தலாம். கிடைக்காதபோது நானே கலக்குவேன். 52 டிகிரி சூட்டில் 750 மில்லி தண்ணீர், அதில் மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் என்கிற வெண்காரம் 2 கிராம். ஒன்று கரைந்த பிறகு அடுத்தது, கடைசியில் தண்ணீர் ஊற்றி ஒரு லிட்டராக்குவது. மெட்டாலுக்கு முன்னால் ஒரு சிட்டிகை சல்ஃபைட் போடவேண்டும். முழுச் சல்ஃபைட்டையும் முதலில் கொட்டினால் மெட்டால் கரையாது. மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும், கையுறை போடுங்கள். அளக்கும் பாத்திரம், கரண்டி எதுவும் திரும்பச் சமையலறைக்குப் போகக்கூடாது. மருந்து வாங்கும்போது லேபிளை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். ஒருமுறை சல்ஃபைட் கேட்டு சல்ஃபேட்டை வாங்கி வந்துவிட்டேன். பார்க்க இரண்டும் ஒரே வெள்ளைப் பொடி. சாயங்காலத்துக்குள் பாட்டில் முழுக்க டீ நிறம். டெவலப்பர் காற்றில் கெடாமல் காப்பது சல்ஃபைட்தான் என்று அன்று கண்ணால் பார்த்தேன்.

சரி, கழுவலாம். முதலில் பிலிமை ரீலில், அதாவது கழுவும் டேங்குக்குள் போகும் சுருள் சக்கரத்தில், ஏற்றப் பழகவேண்டும். வீணான பிலிம் ஒன்றை வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் ஐந்து முறை, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து முறை செய்யுங்கள். ரீல் எலும்புபோலக் காய்ந்திருக்கவேண்டும், ஈரம் இருந்தால் பிலிம் பாதியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு இருட்டில் கேசட்டைத் திறந்து, ரீலில் ஏற்றி, வெளிச்சம் புகாத டேங்கில் போட்டு மூடிவிட்டால் அதற்குப் பிறகு எல்லாம் வெளிச்சத்தில்.

20 டிகிரியில் எட்டு நிமிடம் ஆகும் வேலை 24-ல் ஐந்தரை, ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றவும் கொட்டவும் ஆகும் நேரமே படத்தில் தெரியும், ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுக்கும். அதனால் நான் டி-76-ஐப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து மெதுவாக்கிக்கொள்வேன். 24 டிகிரியில் எட்டு நிமிடம். டபுள்-எக்ஸுக்கு நான் தொடங்குவது இங்கேதான், நீங்களும் இங்கே தொடங்கலாம். ஒரு ரோலுக்கு 300 மில்லி போதும். ஊற்றியதும் டேங்கைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள், குமிழி போய்விடும். முதல் அரை நிமிடம் விடாமல் கவிழ்த்து நிமிர்த்துங்கள். அதற்கப்புறம் நிமிடத்துக்குப் பத்து விநாடி. ரசப்பொடி டப்பாவைக் குலுக்குவதுபோலக் குலுக்கவேண்டாம், தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றுகிற நிதானம் வேண்டும்.

எட்டு நிமிடம் முடிந்ததும் கொட்டிவிட்டு, பேசின் தண்ணீரால் இரண்டு முறை அலசி, ஹைப்போவை ஊற்றுங்கள். எத்தனை நிமிடம் என்பதை ஹைப்போவிடமே கேட்கலாம். முன்கூட்டியே ஒரு துண்டு பிலிமை வெளிச்சத்தில் ஹைப்போவில் போடுங்கள். பால்போல இருக்கும் துண்டு தெளிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அதைப்போல இரண்டு மடங்கு நேரம். தெளிய ஐந்து நிமிடத்துக்குமேல் இழுத்தால் அந்த ஹைப்போவுக்கு வயசாகிவிட்டது, புதிதாகக் கலக்குங்கள்.

அலசலுக்கு மணிக்கணக்கில் குழாயைத் திறந்துவிட நம் ஊரில் மனசு வராது. டேங்கில் தண்ணீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். மறுபடி நிரப்பிப் பத்து முறை. மறுபடி நிரப்பி இருபது முறை. மூன்று டேங்க் தண்ணீரில் வேலை முடிந்தது. நான் திருப்திக்காக நாலாவதாக ஒன்று சேர்ப்பேன். கடைசியாகக் கேன் தண்ணீரில், பிலிமில் சொட்டு தங்காமல் வழியவைக்கும் வெட்டிங் ஏஜென்ட் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம். விரலால் வழிக்காமல் அப்படியே பாத்ரூமில் கொடியில் தொங்கவிட்டு, கீழே இரண்டு துணி கிளிப்பைப் பாரத்துக்கு மாட்டுங்கள். ஃபேன் வேண்டாம், புழுதியைக் கிளப்பும். கதவைச் சாத்தினால் நம் ஊர்க் காற்றுக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

தீர்ந்த ஹைப்போவில் கரைந்த வெள்ளி இருக்கிறது. சாக்கடையிலோ செடிக்கோ ஊற்றாதீர்கள். மூடி போட்ட கேனில் சேர்த்துவைத்து, வெள்ளி பிரித்தெடுப்பவரிடம் கொடுத்துவிடலாம்.

காய்ந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். நிழலான இடம் கண்ணாடிபோல ஒன்றும் இல்லாமல் இருந்தால் அடுத்த ரோலுக்கு வெளிச்சம் கூட்டவேண்டும். அப்புறம் நெகட்டிவைச் செய்தித்தாளின் மேல் வையுங்கள். இருப்பதிலேயே அதிகம் கறுத்த இடத்தின் வழியாக எழுத்தை எப்படியாவது படிக்க முடிந்தால் நேரம் சரி. எழுத்தே தெரியவில்லை என்றால் அடுத்த முறை ஒரு நிமிடம் குறையுங்கள். பாட்டி படத்தில் மதிலின் மேல் வைத்துப் பார்த்தோம், விளம்பரத்தின் பெரிய எழுத்து மங்கலாகத் தெரிந்தது, பொடி எழுத்து தெரியவில்லை. பாட்டியின் மூக்குத்தியும் கூடையில் இருந்த வெள்ளரிப் பிஞ்சின் முள்ளும் தெளிவாக இருந்தன. வெயிலில் நிற்கும் சுவர் பின்னால் இருந்தால் ஏழு நிமிடம் என்று அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஸ்டில் பிலிமில் இருப்பதுபோல ஓரத்தில் ஒன்று இரண்டு என்று பட எண் இதில் வராது. சினிமாக்காரர்கள் அடிக்கணக்குக்கு வைத்திருக்கும் எண்கள்தான் ஓடும். அதனால் ஆறு ஆறு படமாக வெட்டி உறையில் போடும்போதே தேதி, இடம், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று உறையின் மேல் எழுதிவிடுங்கள்.